உங்களுக்குத் தெரியுமா? ஊட்டி ரயில் இளஞ்சிவப்பான கதை

ஆலங்குடியில் ரயில் நிலையம் இல்லை. புதுக்கோட்டைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் இங்குள்ள ஒரு குழந்தையின் பொம்மைப் பெட்டியில் ஊட்டி மலை ரயில் இருக்கக்கூடும், அது யாருக்கும் தெரியாமலே!

அந்தப் பொம்மையின் பெயர் ஆஷிமா: குழந்தைகளுக்கான ரயில் கதைத் தொடரான 'தாமஸ் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' வரிசையில் 2016-இல் வந்த 'தி கிரேட் ரேஸ்' படத்தின் இந்திய இன்ஜின். உடல் முழுக்க இளஞ்சிவப்பு, மேலே கோயில் யானைக்குப் போட்டதுபோல் அலங்காரம். ஆனால் அவளுக்கு மூலம், மேட்டுப்பாளையம்–ஊட்டிப் பாதையின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த வகை. 2011-க்குப் பிறகு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகச் சில கட்டியது. அசலின் நிறம் நீலம். பூவும் இல்லை, கோலமும் இல்லை.

மாதிரி ரயில் பிரியர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பார்கள். நிறத்தைக்கூட மன்னிக்கலாம், தண்டவாளத்தை? அசல் ஓடுவது மீட்டர் கேஜில், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி. 1:87 மாதிரி அளவுக்குச் சுருக்கினால் அது ஏறக்குறைய 12 மி.மீ. வர வேண்டும், கடையில் எளிதாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மி.மீ.

அசல் பாதையில் இன்னொரு விசேஷமும் உண்டு: கல்லாறு முதல் குன்னூர் வரை அசல் இன்ஜின் பற்சக்கரத்தால் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்களைப் பற்றி ஏறுகிறது. அங்கே ஏற்றம் 12.5 அடிக்கு ஓர் அடி.