போர்க்காலக் கடிகாரமும் பிறந்த நாழிகையும்

என் தமையனாருக்கு எண்பது நிறையும் மார்கழியில் சதாபிஷேகம் நடத்துவதென்று பிள்ளைகள் தீர்மானித்தபோது, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள அவருடைய இல்லத்தில் ஒரு கலக்கம் தோன்றியது. சாஸ்திரிகள் ஜாதகத்தைக் கேட்டார். வீட்டில் இரண்டு ஜாதகங்கள் இருந்தன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

முதலாவது, அவர் பிறந்தபோது உள்ளூர் ஜோதிடர் ஒருவர் கையால் எழுதிக் கொடுத்தது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, மடிப்புகளில் இற்றுப்போன நீளக் காகிதம். தாரண வருஷம், மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை, உதயாதி நாழிகை ஐம்பத்தெட்டரை, விருச்சிக லக்கினம் என்று அதில் கண்டிருந்தது. இரண்டாவது, பிள்ளைகள் கணினி ஜாதக நிலையம் ஒன்றில் அச்சிட்டு வாங்கி வந்தது. அதிலோ புதன்கிழமை, காலை மணி 6.50, தனுசு லக்கினம். இந்த நேரம் எங்கள் தந்தையாரின் நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. 1944 டிசம்பர் 20-ஆம் தேதிக்கு நேராக, காலை 6.50-க்கு ஆண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் க்ஷேமம் என்று அவர் தம் கைப்படவே எழுதி வைத்திருக்கிறார்.

பெற்ற தகப்பனார் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது பொய்யாகுமா? ஆகவே பழைய ஜோதிடர்தாம் தவறிவிட்டார் என்று வீட்டார் முடிவு கட்டினர். தமையனார் மட்டும் பேசாதிருந்தார். "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, நீ புதன்கிழமைப் பிள்ளை" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர். ஆனால் அவருக்குத் திருமணப் பொருத்தம் பார்த்தது, வீடு கட்ட வேளை குறித்தது, நோயுற்ற காலத்தில் தசை புத்தி பார்த்துப் பரிகாரம் செய்தது யாவும் அந்த மஞ்சள் காகிதத்தைக் கொண்டுதான். "எண்பது வருஷமாக நான் வேறு யாருடைய ஜாதகத்தையோ சுமந்துகொண்டிருந்தேனா, தம்பி?" என்று அவர் என்னிடம் கேட்டபோது குரலில் வேடிக்கை இல்லை.

முடிச்சை அவிழ்த்தவன் பெங்களூரிலிருந்து வந்த பேரன். கணினி மென்பொருள் எழுதுவது அவன் தொழில்; அதிலும், வெவ்வேறு தேசங்களின் நேரங்களை ஒன்றோடொன்று பொருத்துகிற வேலை. நாட்குறிப்பின் தேதியைப் பார்த்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, 1944-இல் நம் நாட்டுக் கடிகாரங்கள் எல்லாமே ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. கொள்ளுத் தாத்தா பார்த்த 6.50, இன்றைய கணக்கில் 5.50."

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி, விளக்குக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பல தேசங்கள் கடிகாரத்தை முன்தள்ளி வைத்தன. இந்தியாவிலும் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இவ்வேற்பாடு நடைமுறையில் இருந்தது. நம் வருஷக் கணக்கில் சொன்னால், சித்திரபானு வருஷம் ஆவணி நடுப்பகுதியில் தொடங்கி, சுபானு, தாரண வருஷங்களைக் கடந்து, பார்த்திப வருஷம் புரட்டாசி முடியும் தறுவாய் வரை. சூரியன் ஆறு மணிக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்போது சுவர்க் கடிகாரம் ஏழு அடிக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். டிசம்பர் இருபதாம் தேதியை ஒட்டிக் கடலூரில் சூரிய உதயம் ஏறத்தாழ 6.26 மணிக்கு. போர்க்காலக் கடிகாரத்தில் அது 7.26. ஆகவே 6.50 என்று கடிகாரம் காட்டியபோது கிழக்கே கடலின்மேல் சூரியன் எழவில்லை. எழுவதற்கு இன்னும் 36 நிமிடங்கள் இருந்தன. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம்; 36 நிமிடம் ஒன்றரை நாழிகை. நமக்கோ நாள் பிறப்பது நள்ளிரவில் அன்று, சூரியோதயத்தில். உதயத்துக்கு ஒன்றரை நாழிகை முன்னர் என்றால், முந்தைய நாளாகிய செவ்வாய்க்கிழமையின் அறுபது நாழிகையில் ஒன்றரை குறைய, ஐம்பத்தெட்டரை. மஞ்சள் காகிதத்தில் இருந்த எண் அதுவே!

தந்தையாரும் பொய் எழுதவில்லை; ஜோதிடரும் தவறவில்லை. ஜோதிடர் ஒரு மணியைக் கழித்துவிட்டே கணித்திருக்கிறார். கழித்தேன் என்று அவர் குறித்து வைக்காததற்குக் காரணம் இருந்திருக்கும்: அன்று அது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்திகளைத்தான் காலம் முதலில் மறக்கிறது.

அக்காலத்தில் பிறந்த நம் வாசகர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கவனிக்க வேண்டியது இது. லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுகிறது; ஆகையால் ஒரு மணி நேரப் பிசகு, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு லக்கினத்தையே மாற்றிவிடும். நட்சத்திரம் அவ்வளவு எளிதில் மாறாது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆவதால், இருபத்து நால்வரில் ஒருவருக்கே அந்த ஒரு மணியால் ஜன்ம நட்சத்திரம் மாறக்கூடும். எனவே இத்தனை ஆண்டுகள் கோயிலில் வேறு நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவிட்டோமோ என்று பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தசை இருப்பு நகரும். சுக்கிர தசையில் பிறந்தவருக்குப் பத்து மாதம் வரை வித்தியாசம் வரும்.

இதில் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. பழைய ஜோதிடர் முன்னமே கழித்து எழுதிய மணியை, போர்க்கால நேரம் தெரிந்த கணினியிடம் கொடுத்தால் அது மீண்டும் ஒரு மணியைக் கழிக்கும். நாழிகையில் எழுதிய ஜாதகத்துக்குத் திருத்தமே தேவையில்லை. அது சூரியனைக் கொண்டு அளந்தது. மணியில் எழுதியிருந்தால், அது எந்தக் கடிகாரத்து மணி என்பதை முதலில் கேட்க வேண்டும். எங்களைப் போல் இரண்டு குறிப்புகளும் கிடைப்பது பாக்கியம்.

அது போகட்டும். எண்பது ஆண்டுக்கு முன் நடந்த இச்செய்தி பெங்களூர்ப் பையனுக்கு எப்படித் தெரிந்தது?

உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் ஒரே ஒரு நேரப் பதிவேட்டைச் சார்ந்திருக்கின்றன என்றான் அவன். எந்த ஊரில் எந்த நாளில் கடிகாரம் எவ்வளவு நகர்த்தப்பட்டது என்பதை வரிவரியாகச் சொல்லும் பதிவேடு அது. அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் அதைத் தொடங்கினார். பால் எக்கர்ட் என்பவர் நெடுங்காலமாகத் தொகுத்து வருகிறார். பழைய அரசிதழ்கள், செய்தித்தாள்கள், கடற்படை அறிக்கைகள் என்று தேடித் தேடித் திருத்துகிறார்கள். பதிவேடு எவருக்கும் இலவசம். இதில் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அப்பதிவேட்டின் பழங்காலக் குறிப்புகளில் கணிசமானவை ஒரு ஜோதிட நூலிலிருந்து வந்தவை! ஜாதகம் கணிப்போருக்காக ஊர்களின் தீர்க்கரேகையையும் நேர மாற்றங்களையும் தாமஸ் ஷாங்க்ஸ் என்பவர் தொகுத்த நூல் அது. அதன் உரிமை தம்முடையது என்று ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம் 2011-இல் ஓல்சன், எக்கர்ட் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டே, நடந்த வரலாற்றுச் செய்திகள் எவருக்கும் தனியுடைமை ஆகா என்று ஒப்புக்கொண்டு வழக்கைத் திரும்பப் பெற்றது. விமானம் புறப்படும் நேரத்தைச் சொல்லும் இயந்திரம், பிள்ளை பிறந்த நேரத்தைத் தேடியவர்களின் உழைப்பில் நிற்கிறது என்பது நம் ஜோதிடர்கள் அறிந்து மகிழத்தக்க செய்திதான்.

ஆயினும் பதிவேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதில் இந்தியா முழுமைக்கும் கொல்கத்தாவின் பெயரால் ஒரே பதிவுதான் உண்டு. அந்தப் பதிவில், 1941 அக்டோபர் முதல் 1942 மே நடுப்பகுதி வரையிலும் ஒரு மணி கூட்டப்பட்டிருக்கிறது. கல்கத்தாவை முன்வைத்து எழுதப்பட்டதைக் கடலூர்ப் பிறப்புக்கு அப்படியே ஒட்டவைப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. அந்த எட்டு மாதங்களில் பிறந்தவர்கள், வீட்டுக் குறிப்போ நாழிகைக் கணக்கோ துணை நின்றாலன்றி ஒரு மணியைக் கழிக்காதிருப்பதே நலம்.

பாட்டனார், முப்பாட்டனார் ஜாதகங்களை வைத்திருப்போருக்கு இன்னொரு குறிப்பு. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் என்ற பொது நேரம் வருமுன், ரயிலும் தந்தியும் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1792-இல் அமைந்த சென்னை வானிலை நோக்குக்கூடத்தில் கோல்டிங்ஹாம் 1802-இல் கணித்த தீர்க்கரேகையே அதற்கு அடிப்படை. அது இன்றைய நேரத்தைவிட ஒன்பது நிமிடம் பின்தங்கியது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. வெளிநாட்டில் பிறந்தோர் கணக்கு இதனினும் சிக்கலானது. மலேயாவையும் சிங்கப்பூரையும் 1942-இல் பிடித்த ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தி, கடிகாரத்தை ஒன்றரை மணி முன்தள்ளினர். இலங்கையில் 1996 மே மாதம் ஒரு மணி கூட்டி, அக்டோபரில் அரை மணி குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவில் மார்ச் முதல் நவம்பர் வரை பிறக்கும் பேரக் குழந்தைகளின் நேரத்திலும், ஒருசில மாநிலங்கள் நீங்கலாக, ஒரு மணி கூடியிருக்கும்.

கால ஆராய்ச்சி இக்கடற்கரைக்குப் புதிதன்று. சென்னை நோக்குக்கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன், நம் பஞ்சாங்க முறைகளை ஐரோப்பியத் தேதிகளோடு பொருத்திக் காட்டும் 'கால சங்கலித' என்ற நூலை 1825-இல் வெளியிட்டார். கடலூருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் உள்ள புதுச்சேரியில், பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரை அவர் சந்தித்தார். எழுதுகோலும் தாளும் இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லியும், அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தை அம்மனிதர் கணித்துக் காட்டினார். கிரகணம் பற்றும் நேரத்தில் நான்கு நிமிடமும், நடுவில் இருபத்து மூன்று நிமிடமும், விடும் நேரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடமுமே பிழை! பின்னாளில் அதே நோக்குக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், அத்தகைய பிழைகளையும் களைய வேண்டும், வானத்தில் கண்ணால் காண்பதோடு பஞ்சாங்கம் ஒத்திருக்க வேண்டும் என்று திருக்கணித முறையை வலியுறுத்தினார்.

சதாபிஷேகம் குறித்தபடியே நடந்தது. மாதமும் நட்சத்திரமும் மாறாததால் நாளும் மாறவில்லை. மறுவாரம் தமையனாரும் அண்ணியாரும் நானும் பேரனுமாகச் சிதம்பரம் சென்றோம். சிற்சபையின் பொன் வேய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்தபடி, ஓடுகள் 21,600 என்று பேரனுக்குச் சொன்னார் தமையனார். ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சுக்களின் எண்ணிக்கை அது என்பது மரபு. நாழிகைக்கு 360 மூச்சு. மூச்சு ஒன்றுக்கு நான்கு விநாடி.

பேரன் கைப்பேசியை எடுக்கவில்லை, மனக்கணக்கே போட்டான். வட்டத்துக்கும் 21,600 கலைகள்தாமே, பூமி ஒரு மூச்சு நேரத்தில் ஒரு கலை சுழல்கிறது என்றான். ஆரியபட்டர் சொன்னதும் அதுவே. "இந்திய நேரத்தைக் கணிக்கும் கோடு எண்பத்திரண்டரைப் பாகையில் இருக்கிறது. சிதம்பரம் அதற்கு ஏறத்தாழ 168 கலை மேற்கே. அந்தக் கோட்டில் உச்சி வந்து 168 மூச்சு கழித்துத்தான் இங்கே உச்சி வரும், தாத்தா." பதினோரு நிமிடம் என்று சொல்லியிருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

போர்க்காலத்து மூன்று ஆண்டுகளும் இதே கூரையின் கீழ் ஆறு காலப் பூசைகள் கண்ட சந்நிதி அது. அங்கே அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது, அர்ச்சகர் கோத்திரமும் நட்சத்திரமும் பெயரும் கேட்டார். கிழமையை யாரும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் தமையனார் தந்தையாரின் நாட்குறிப்பை எடுத்து, அந்த வரிக்குக் கீழே நடுங்கும் கையால் எழுதினார்: "மேற்கண்டது போர்க்கால மணி. சூரிய உதயத்துக்கு முன் நாழிகை 1½. ஜாதகம் சரி." எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஜாதகத்துக்குச் செவ்வாய், அம்மாவுக்குப் புதன். அப்படியே இருக்கட்டும்."