‘ஷுட்’ வேண்டாம் என்கிற கடல்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு நிலக்கரியோடு வரும் கப்பலின் கேப்டன் உக்ரைன்காரராக இருக்கலாம். மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்களாக இருக்கலாம். கரையிலிருந்து விஎச்எஃப் ரேடியோவில் பேசுபவர் நம்மூர்க்காரர். பேசுவது இங்கிலீஷ், அது யாருக்கும் தாய்மொழி இல்லை. “யூ ஷுட் ஆங்கர்” என்று ரேடியோவில் கேட்டால், அது உத்தரவா, யோசனையா?

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல் பேச்சுக்கென ஒரு தொகுப்பை ஏற்றுக்கொண்டது. மே, மைட், ஷுட், குட் நான்கும் அதில் ஆகாத சொற்கள். அதற்குப் பதில், சொல்லப்போவது என்ன வகை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘அட்வைஸ்’ என்று தொடங்கினால் முடிவு கேப்டன் கையில். ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றால் சொல்பவருக்கு அதிகாரம் உண்டு; பாதுகாப்பு காரணமாக மறுக்க நேர்ந்தால் ஒழிய, செய்தே ஆக வேண்டும்.

கரையில் இங்கிலீஷ் படிப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அதிலும் ‘ஹேட் பெட்டர்’ பொல்லாதது. ‘ஹேட்’ இருப்பதால் இறந்தகாலம் என்று தோன்றும், இல்லை. ‘பெட்டர்’ இருக்கிறதே என்று ‘செய்தால் நல்லது’ எனக் குறித்துக்கொள்கிறார்கள், ஷுட்டைவிட மென்மை என்று நம்பி. உண்மையில் அதன் பின்னால் ‘இல்லாவிட்டால் பார்’ நிற்கிறது. “மரியாதையா போயிரு” என்பதில் எவ்வளவு மரியாதை உண்டோ, அவ்வளவு நல்லதுதான் அதில். ஷிப்பிங் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் “யூ ஹேட் பெட்டர் சைன் டுடே” என்று மேனேஜருக்கு மெயில் போட்டால், எழுதியவனுக்கு அது பணிவு, படிப்பவருக்கு மிரட்டல். ‘ப்ளீஸ்’ போட்டுக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று: பொதுவான புத்திமதிக்கு அது ஒட்டாது. கடலோரப் பிள்ளைகள் நீச்சல் கற்க வேண்டும் என்பதற்கு ஷுட். வானம் கறுக்கிறது, படகை இப்பவே திருப்பு என்பதற்கு ஹேட் பெட்டர்.

தமிழ் மட்டும் சுத்தமா என்ன? “போக வேண்டாம்” என்றால் போகக் கூடாது என்றும் கொள்ளலாம், போகத் தேவையில்லை என்றும் கொள்ளலாம். இங்கிலீஷில் முன்னது ‘மஸ்ட் நாட்’, பின்னது ‘டோண்ட் ஹேவ் டு’. புயல் நேரத்தில் திரேஸ்புரம் மீனவருக்கு வரும் “கடலுக்குச் செல்ல வேண்டாம்” எந்த ரகம் என்பதை, சொல்கிறவரின் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வெறும் எண்தான்: 1 என்றால் தொலைவில் எச்சரிக்கை, 10 என்றால் பேரபாயம்.