சர்க்கரை நோயும் கண்ணும்: ஒரு மருத்துவரின் ஆய்வு நமக்குச் சொல்வது



நம் டிரஸ்ட்டுக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் கண் சம்பந்தப்பட்டவை இரண்டு வகை. ஒன்று கண்புரை ஆபரேஷன். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்ததும் பெரும்பாலோர் நன்றாகப் பார்க்கிறார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போட நமக்கும் சந்தோஷம். மற்றது, சர்க்கரையால் விழித்திரை கெட்டுப்போய் வருபவர்களின் மனு. அவர்களில் பலருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் போன பார்வை திரும்புவதில்லை. இந்த இரண்டாவது நோயையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு மருத்துவரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம்.

மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி நம் கரிசல் மண்ணுக்காரர். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். அவருடைய தங்கை டாக்டர் நாச்சியாரின் கணவர்தான் டாக்டர் நம்பெருமாள்சாமி. கண் வைத்தியம் என்றாலே கண்புரை என்றிருந்த காலத்தில் விழித்திரையைத் தனித் துறையாகப் படித்து வளர்த்தவர். 2007-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2025 ஜூலையில் காலமானார்.

அவர் குழுவினர் தேனி மாவட்டத்தில் 25,969 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவை 2009-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. சென்னை நகரில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் இது நூற்றுக்குப் பதினெட்டு. ஆஸ்பத்திரியைத் தேடி வருகிறவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்திருக்காது. ஊருக்குள் போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடமும் இந்த நோய் இருக்கும்.

காரணம் இதுதான். கண்ணின் உட்சுவரில் திரைபோல் இருக்கும் விழித்திரைக்கு மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் உண்டு. வருடக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் அவை பலமிழந்து கசிகின்றன, சில அடைபடுகின்றன. ரத்தம் போதாத விழித்திரை புதிய குழாய்களை முளைக்க விடுகிறது; அவை வலுவற்றவை, ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் பரவுகிறது. அதுவரை வலி இல்லை, சிவப்பு இல்லை, பல பேருக்கு மங்கல்கூட இல்லை. “எனக்குத்தான் நல்லாத் தெரியுதே” என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

லேசர் வைத்தியம் சரியான நேரத்தில் கிடைத்தால், இந்த முற்றிய நிலையில் ஏற்படும் கடும் பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976-லேயே காட்டிவிட்டது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிகளும் வந்துள்ளன. ஆனால் இவை பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கவே. போனதை மீட்பது கடினம்.

கண்ணாடிக் கடையில் நம்பர் பார்ப்பதைப் பலர் கண் பரிசோதனை என்று நினைக்கிறார்கள். அது வேறு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து போட்டோ, விழித்திரையைப் படம் எடுத்தோ பார்ப்பதுதான் இங்கே தேவை. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனே ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும். சொட்டு மருந்து போட்டபின் சில மணி நேரம் எழுத்து தெளியாது. பைக் ஓட்டாமல் ஆளைக் கூட்டிப் போங்கள். நோன்பு நேரம் என்று தள்ளிப்போட வேண்டாம். கண்ணில் விடும் சொட்டு நோன்பை முறிக்காது என்பதே ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலையும்.

வயதானால் வரும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தால் எதிரே இருப்பவர் முகம் மங்கும், ஓரம் தெரியும். கதவு நிலை வளைந்து தெரியும். நன்னாவோ நன்னியோ அப்படிச் சொன்னால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். பீடி, சிகரெட் இதை விரைவுபடுத்தும்.

விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து நோயைப் பிரித்துச் சொல்லும் முறை 2016-இல் வெளியானபோது, அதைப் பழக்கிய படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் இருந்தன. விழித்திரை டாக்டர் இல்லாத ஊர்களுக்கு இதனால் பெரிய வசதி.

நமக்கு அருகில் திருநெல்வேலியிலேயே 1988 முதல் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. கூட்டிப்போக ஆளில்லாத முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், ஜும்ஆ முடிந்ததும் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பஸ் செலவும் துணைக்கு ஒருவரும் நம் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.