தலைகீழாய்த் தொங்குது தக்காளி!

குட்டீஸ்... வவ்வால் தலைகீழாகத் தொங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தக்காளிச் செடி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு வாளி. அதன் அடியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு செடி கீழே எட்டிப் பார்க்கிறது. வேர் மேலே, வாளிக்குள். இலையும் பூவும் காயும் கீழே, காற்றில். வாளியோ கொக்கியில் மாட்டி ஊஞ்சல் ஆடுகிறது!

'இது என்னடா கூத்து?' என்று பாட்டி கேட்பார். ஆனால், காட்டுப்பள்ளிப் பக்கம் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். 'அட, நம்ம ஊருக்கு இது சரியாக இருக்கும் போலிருக்கே!' என்று யோசிப்பார்கள். ஏன் தெரியுமா?

மண்ணில் ஒளிந்திருக்கும் உப்பு

வரைபடத்தில் எண்ணூரைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் காட்டுப்பள்ளி வரும். திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல். மறுபக்கம் கழிமுகமும் உப்பங்கழியும். துறைமுகம், கப்பல் கட்டும் தளம், பக்கத்தில் அனல்மின் நிலையம் என்று எப்போதும் பரபரப்பாக இருக்கும் பகுதி.

இங்கே பெரும்பாலும் கடற்கரை மணல்தான். மணலில் தண்ணீர் ஊற்றினால் நிற்காது, சட்டென்று இறங்கிவிடும். தோண்டினால் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணீர்.

கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் மீஞ்சூர் வட்டாரத்திலும் இதே பிரச்னை உண்டு. வயலுக்கும், தொழிற்சாலைக்கும், சென்னையின் குடிநீருக்கும் என்று பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். பூமிக்குள் நல்ல தண்ணீர் குறையக் குறைய, கடல்நீர் மெல்ல மெல்ல நிலத்துக்கு அடியில் உள்ளே வந்துவிட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிணற்று நீரை நாக்கில் வைத்தால்தான் தெரியும்!

உப்பு இருந்தால் செடிக்கு என்ன? அம்மா மாங்காய் ஊறுகாய் போடும்போது கவனியுங்கள். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால், சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும். மாங்காய்க்குள் இருந்த தண்ணீரை, வெளியே இருக்கும் உப்பு இழுத்துவிடுகிறது. மண்ணில் உப்பு அதிகமானால் வேருக்கும் இதே கதிதான். சுற்றிலும் ஈரம் இருந்தும், வேரால் அதைக் குடிக்க முடியாது. தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு தாகத்தில் வாடும்... பாவம்!

இதற்கு 'சவ்வூடு பரவல்' என்று பெயர். இதையே தலைகீழாக்கித் தண்ணீர் தயாரிக்கும் ஆலை ஒன்று காட்டுப்பள்ளியிலேயே இருக்கிறது. 2010-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம்தான் அது. கடல்நீரை மிக அதிக அழுத்தத்தில் மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள். உப்பு ஒரு பக்கம் தங்கிவிட, நல்ல தண்ணீர் மறுபக்கம் வருகிறது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவுக்கு இதைக் கட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய ஆலையை நாம் கட்ட முடியாது. ஆனால், வேரை உப்பு மண்ணில் இருந்து தூக்கிவிட முடியுமே! உறியில் தயிர்ப் பானையைத் தொங்கவிட்டால் பூனை எட்டாது. அதுபோல, தோட்டத்தைத் தொங்கவிட்டால் உப்பு எட்டாது. அவ்வளவுதான் விஷயம்.

செடிக்குத் தலை சுற்றாதா?

தலைகீழாக நட்ட செடி என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? அப்படியே தரையைப் பார்த்து வளருமா? அதுதான் இல்லை!

சில நாட்களில் அதன் நுனி மெல்ல வளைந்து, மேல் நோக்கித் திரும்பிவிடும். பார்ப்பதற்குத் தூண்டில் முள் போலவே இருக்கும். நீங்கள் எப்படித் திருப்பி வைத்தாலும், 'வானம் அந்தப் பக்கம்' என்று செடிக்குத் தெரிகிறது. கண் இல்லாத செடிக்கு எப்படித் தெரியும்?

அதன் சில செல்களுக்குள் மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன. சோழி போட்ட டப்பாவைக் கவிழ்த்தால் சோழிகள் எல்லாம் அடியில் வந்து விழும் அல்லவா? அதேபோல், செடியைத் திருப்பியதும் இந்தத் துகள்கள் கீழ்ப் பக்கமாக வந்து படிகின்றன. 'கீழே என்பது இந்தப் பக்கம்' என்று செடி புரிந்துகொள்கிறது. உடனே 'ஆக்சின்' என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் கீழ்ப் பக்கத்தில் அதிகமாகச் சேர்கிறது. அந்தப் பக்கம் வேகமாக நீள, தண்டு மேல் நோக்கி வளைகிறது. வேரில் கதை நேர்மாறு! அங்கே ஆக்சின் அதிகமானால் வளர்ச்சி குறையும். அதனால் வேர் கீழ் நோக்கி வளைகிறது.

செடியை வளைப்பது பூமியின் ஈர்ப்புதானா என்று 1806-ம் ஆண்டிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் தாமஸ் ஆண்ட்ரூ நைட். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். ஓடும் நீரால் சுழலும் ஒரு சக்கரத்தின் விளிம்பில் விதைகளைக் கட்டி, வேகமாகச் சுழல விட்டார். ராட்டினத்தில் சுற்றும்போது வெளிப்பக்கமாகத் தள்ளுவது போல இருக்குமே... விதைகளுக்கும் அப்படித்தான். முளைத்தபோது வேர்கள் எல்லாம் வெளிப்பக்கம் போயின. தண்டுகள் எல்லாம் சக்கரத்தின் நடுவை நோக்கி வந்தன! இழுக்கும் திசையை வைத்துத்தான் செடி மேல், கீழ் பார்க்கிறது என்பது தெளிவாயிற்று.

-------------------
விண்வெளியில் காராமணி!

எடையே இல்லாத விண்வெளியில் மேல் எது, கீழ் எது? அங்கே விதை முளைக்குமா? நமது இஸ்ரோ இதைச் சோதித்தது. 2024 டிசம்பர் 30-ம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் 8 காராமணி விதைகளை ஒரு பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். நான்கே நாளில் முளைவிட்டன! பிறகு இலையும் விட்டன.
-------------------

நீங்களும் தொங்கவிடலாம்!

தேவையான பொருட்கள்: கைப்பிடி உள்ள 10 லிட்டர் பழைய பிளாஸ்டிக் வாளி, கையளவு ஸ்பாஞ்ச் அல்லது பழைய பருத்தித் துணி, ஊறவைத்த தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, நல்ல தோட்டத்து மண் ஒரு பங்கு, உறுதியான கொக்கி, ஒரு சாண் உயரத் தக்காளி நாற்று.

1. வாளியை நன்றாகக் கழுவுங்கள். அடியில், நடுவில், ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட வேண்டும். இது அப்பாவின் வேலை. நீங்கள் கத்தியைத் தொட வேண்டாம்!

2. வாளியைப் படுக்க வையுங்கள். நாற்றின் வேரை, வெளியிலிருந்து ஓட்டை வழியாக மெதுவாக உள்ளே நுழையுங்கள். இலைகள் வெளியே இருக்கட்டும்.

3. ஸ்பாஞ்சில் நடுவரை ஒரு கீறல் போட்டு, அதைத் தண்டைச் சுற்றி உட்பக்கமாக வையுங்கள். மண் கொட்டாமலும், செடி நழுவாமலும் இது பிடித்துக்கொள்ளும். தண்டை இறுக்கக் கூடாது.

4. ஒருவர் வாளியைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மேலே நான்கு விரல் இடம் விடுங்கள்.

5. பெரியவர்கள் உதவியோடு கொக்கியில் மாட்டுங்கள். தண்ணீர் ஊற்றியதும் வாளி 10 கிலோ வரை கனக்கும். துணி காயப்போடும் கொடி தாங்காது! வாளிக்கு நேர் கீழே யாரும் உட்காரக் கூடாது.

6. தினமும் காலையில், அடியில் சொட்டு விழும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கடற்காற்றில் மண் சீக்கிரம் காயும். வெயில் நாளில் மாலையிலும் ஊற்ற வேண்டியிருக்கும்.

வாளியின் மேல் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? கொத்தமல்லியோ, வெந்தயக் கீரையோ தூவிவிடுங்கள். மேலே கீரை, கீழே தக்காளி... ஒரே வாளியில் ரசத்துக்குப் பாதி சாமான் ரெடி!

தக்காளி மட்டுமல்ல, மிளகாய், குட்டை ரகக் கத்திரி ஆகியவற்றையும் இப்படி முயற்சி செய்யலாம். தக்காளியில் சிறிய பழம் தரும் செர்ரி வகை சிறந்தது. பெரிய பழம் என்றால் கனத்தில் கிளை ஒடியும். கேரட், முள்ளங்கி மட்டும் வேண்டாம். அவற்றைத் தலைகீழாக நட்டு என்ன பயன், சொல்லுங்கள்!

கடலோரக் குட்டீஸ் கவனத்துக்கு...

* கடலைப் பார்த்த பக்கம் தொங்கவிடாதீர்கள். உப்புக் காற்று இலையைக் கருக்கும். வீட்டின் மறுபக்கச் சுவரில், ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் நல்லது. இலையில் உப்புப் படிந்தால், நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

* வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி இருந்தால், அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரை ஊற்றாதீர்கள். அதில் உப்பு அதிகம். ஏ.சி.யில் சொட்டும் நீரில் உப்பு இல்லை. அது செடிக்கு ஆகும்.

* சாலையோர மண், தொழிற்சாலைப் பக்கத்து மண், சாம்பல் கலந்த மண் எதுவும் வேண்டாம். சாப்பிடப் போவது நீங்கள் அல்லவா? நர்சரியில் வாங்கிய மண்ணே நல்லது.

* கத்திரி வெயிலில் தக்காளிப் பூக்கள் உதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். எனவே, நவம்பர் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, டிசம்பர் கடைசியில் தொங்கவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பழம் பறிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால், முதல் வேலையாக வாளியை இறக்கிவிட வேண்டும்.

நிஜமாகவே அதிகம் காய்க்குமா?

2000-ம் ஆண்டுகளில் தலைகீழ்த் தக்காளிப் பைகள் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டன. 'வேர் மேலே இருப்பதால், தண்ணீரும் சத்தும் நேராகப் பழத்துக்குள் இறங்கும்' என்று விளம்பரம் செய்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், செடிக்குள் தண்ணீர் அப்படி ஓடுவதில்லை! இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, உறிஞ்சு குழலில் இளநீர் குடிப்பது போல, வேரிலிருந்து தண்ணீர் இழுக்கப்படுகிறது. வேர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இழுப்பது இலைதான்.

அப்படியானால் தலைகீழாக நடுவதில் லாபமே இல்லையா? இருக்கிறது. தரையில் இடம் வேண்டாம். முட்டுக்கொடுக்கக் குச்சி வேண்டாம். தரையில் பட்டுக் காய் அழுகாது. மண்ணில் ஒளிந்திருக்கும் புழுக்களின் தொல்லை குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பு மண்ணிலிருந்து தப்பிக்கலாம். நஷ்டம்? மண் சீக்கிரம் காயும். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தொங்கிப் போகும். கனம் தாங்க உறுதியான கொக்கி வேண்டும்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறோம். அதே வாளியை நேராக வைத்து, அதே மண்ணைப் போட்டு நட்டாலும் உப்பு எட்டாது! அப்படியென்றால் எது சிறந்தது? எங்களைக் கேட்காதீர்கள். செடியையே கேளுங்கள்!

இரண்டு வாளி எடுங்கள். ஒரே அளவு, ஒரே கலவை, ஒரே வயது நாற்று. ஒன்றில் நேராக நடுங்கள். மற்றதில் தலைகீழாக. இரண்டுக்கும் ஒரே வெயில், அளந்து ஒரே தண்ணீர். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நுனி எந்த நாளில் வளைந்தது? முதல் பூ எதில்? மொத்தம் எத்தனை பழம், எத்தனை கிராம்? வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒரு செடி நோயில் போனாலும் மற்ற செடிகள் பதில் சொல்லும்.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வரிசையில் நின்றது உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். ஒரு வாளிச் செடி வீட்டுக்குத் தேவையான தக்காளி முழுவதையும் தந்துவிடாது. ஆனால், அடுத்த முறை விலை ஏறும்போது, 'இருங்கம்மா...' என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் நான்கு பழம் பறித்து வந்து நீட்டிப் பாருங்கள். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என்ன குட்டீஸ், வாளியைத் தேடக் கிளம்பிவிட்டீர்களா? அம்மா குளியலறையில் வைத்திருக்கும் புது வாளியை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அப்புறம் தலைகீழாகத் தொங்குவது தக்காளியாக இருக்காது!