சென்னை மின்சார ரயிலும் நம் திருச்சியும்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நம் குடும்பங்களில் பலர் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் மாறித்தான் பல்லாவரத்துக்கோ மண்ணடிக்கோ போய்ச் சேருகிறார்கள். அந்த மின்சார ரயிலைத் தொடங்கிய கம்பெனியின் தலைமையகம் திருச்சியில் இருந்தது என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1862-ல் திருச்சியை எட்டியது. பின்னர் 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே, லண்டனில் பதிவான ஆங்கிலேயக் கம்பெனி. ஆனால் நிர்வாகம் நடந்தது திருச்சியில். பொன்மலைப் பணிமனை 1928-ல் இங்கு வந்ததும் அதனால்தான். அதே கம்பெனிதான் 1931-ல் சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை, சுமார் 29 கிலோமீட்டருக்கு, மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயிலை விட்டது.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டவும் வேண்டும். மின்சார ரயிலில் மோட்டார் பெட்டிக்கு அடியிலேயே இருக்கிறது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. நின்றவுடன் வேகமெடுக்கும், வந்த வழியே உடனே திரும்பும். ஆகவே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்தாலும் நேரம் வீணாகாது. இவற்றைவிட முக்கியம், வெளியூர் ரயில்களுக்கு ஒதுங்கி நிற்காமல் ஓடத் தனித் தண்டவாளம். அந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை வரை ஓடியது. பிறகு முழுவதும் அகலப்பாதை.

திருச்சிக்கு அப்படியொரு ரயில் வரவே இல்லை. இத்தனைக்கும் ஜங்ஷன், பொன்மலை, டவுன், ஸ்ரீரங்கம் என ஒரே பாதையில் நகரத்துக்குள்ளேயே நான்கு நிலையங்கள். பாலக்கரையும் கோட்டையும் ஈரோடு பாதையில். (டவுனும் கோட்டையும் வேறு வேறு நிலையம் என்பது வெளியூர்க்காரர்களை இன்றும் குழப்புகிறது.) ஆனால் இந்தப் பாதைகளில் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும்தான் முதலில் போகும். உள்ளூர்ப் பயணிக்குக் கிடைப்பது அவை விட்டுவைத்த நேரம்.

காவிரிப் பாலம் 2022 இறுதியில் பராமரிப்புக்காக மூடப்பட்டு, 2023 மார்ச்சில் திறக்கும்வரை ஸ்ரீரங்கத்து மக்கள் சுற்றிச் சுற்றித்தான் நகருக்குள் வந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாலம் இருந்தது. புதிய மெட்ரோவைப் பற்றிப் பேசுவதற்கு முன், பள்ளியும் அலுவலகமும் தொடங்கும், விடும் நேரங்களில் ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையே சில ரயில்களையும், டவுன் நிலைய வாசலிலிருந்து சத்திரத்துக்கு ஒரு பேருந்தையும் கேட்கலாம். செலவும் குறைவு.