விழ மறுக்கும் ராஜா ராணி

புரட்டாசி அமாவாசை நெருங்கிவிட்டால் தஞ்சாவூர் பொம்மைக் கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி. தசாவதார செட், செட்டியார் பொம்மை என்று பெரியவர்கள் விலைபேசிக் கொண்டிருக்கையில், கூட வந்த சிறுவனின் கை ராஜா ராணி பொம்மையிடம் போகும். ராஜாவின் தலையைப் பிடித்துத் தரைவரை சாய்த்து விடுவான். ராஜா எழுந்து, இப்படியும் அப்படியும் ஆடி, நிமிர்ந்து உட்காருவார். "தொடாதேடா!" என்று அம்மா அதட்டுவாள். கடைக்காரர் அதட்டமாட்டார். அவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

பொம்மை ஏன் எழுகிறது? "அடி கனமாக இருப்பதால்" என்று உடனே சொல்வீர்கள். அது பாதி விடைதான். அடிப்பாகம் கிண்ணம்போல் உருண்டிருப்பதையும் கவனியுங்கள். அதை ஓர் அரைக்கோளம் என்று கொள்வோம். பொம்மையை எப்படிச் சாய்த்தாலும், அது தரையைத் தொடும் புள்ளி கோள மையத்துக்கு நேர் கீழேதான் இருக்கும். பொம்மையின் ஈர்ப்பு மையம் கோள மையத்துக்குக் கீழே இருந்தால், தலை வலப்பக்கம் சாயும்போது ஈர்ப்பு மையம் இடப்பக்கம் நகரும். அங்கே செயல்படும் எடை பொம்மையை நிமிர்த்திவிடும். ஈர்ப்பு மையம் கோள மையத்துக்கு மேலே இருந்தாலோ, அதே எடை பொம்மையை மேலும் கவிழ்க்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? களிமண் அடிப்பாகத்தின் ஆரம் 4 செ.மீ., எடை 240 கிராம் என்க. திண்ம அரைக்கோளத்தின் ஈர்ப்பு மையம், கோள மையத்திலிருந்து ஆரத்தில் 3/8 பங்கு கீழே, அதாவது 1.5 செ.மீ. கீழே இருக்கும். மேல்பாகத்தின் ஈர்ப்பு மையம் 6 செ.மீ. மேலே இருக்கட்டும். 240 × 1.5 = 360. இதை 6ஆல் வகுத்தால் 60. மேல்பாகம் 60 கிராமுக்குக் குறைந்தால் பொம்மை எழும்; கூடினால் விழும். சரியாக 60 என்றால் சாய்த்த இடத்திலேயே கிடக்கும். இதுதான் நடுநிலைச் சமநிலை. மேல்பாகத்தைக் காகிதக் கூழில் செய்யும் பழைய வழக்கத்தின் காரணம் இப்போது புரிகிறதல்லவா? காகிதத்தைவிடக் கனமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை இன்று பயன்படுத்துவோர், கனம் கூடிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும்.

இனி அவசரத்தின் கதைக்கு வருவோம். ஈரக் களிமண்ணில் நீர் இருக்கிறது. நம் பொம்மையின் அடி ஈரத்தோடு 300 கிராம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மேல்பாகம் 75 கிராம்வரை தாங்கும். 70 கிராம் தலையும் உடலும் வைத்தால் ராஜா ஜோராக எழுவார். வீட்டுக்குப் போய் அடி காய்ந்து 240 கிராம் ஆனதும் தாங்கும் அளவு 60 ஆகிவிடும். கடையில் எழுந்த ராஜா கொலுப்படியில் கவிழ்ந்து கிடப்பார்! (களிமண் சுருங்குவதை இங்கே சேர்க்கவில்லை, சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.)

கொளுத்தும் வெயிலில் வைத்துச் சீக்கிரம் உலர்த்தலாமே என்றால் அதுவும் ஆகாது. வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் சுருங்க விடாது, விரிசல் விழும். அதனால் முதலில் நிழலில் ஆறவிட்டு, பிறகே வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். நாளோ பஞ்சாங்கத்தின் கையில் இருக்கிறது. 2022இல் நவராத்திரி செப்டம்பர் 26 அன்றே வந்துவிட்டது. 2023இல் அக்டோபர் 15. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. முந்தி வந்தால் உலர்த்த நாள் குறைவு. பிந்தி வந்தால் மழை பயம். விற்காத பொம்மை பெரும்பாலும் அடுத்த கொலுவரை பரணில்தான். ஆகவே பொம்மை செய்பவர்கள் ஆடிக் காற்றையும் ஆவணி வெயிலையும் வீணாக்குவதில்லை.

2008-09இல் புவிசார் குறியீடு பெற்றது தஞ்சாவூர் பொம்மை. இடுப்பும் கழுத்தும் தனித்தனியே ஆடும் நாட்டியப் பெண் பொம்மையும் தஞ்சாவூரில் உண்டு. அதன் பாகங்கள் கம்பியில் தொங்குகின்றன. தொங்கும் புள்ளிக்குக் கீழே ஈர்ப்பு மையம். தத்துவம் ஒன்றேதான். எதற்கும் 'ஆமாம்' போடுபவரைத் தலையாட்டிப் பொம்மை என்று கேலி செய்கிறோம். உண்மையில் தலையாட்டுவது இவள்தான். ராஜா தலையாட்டுவதே இல்லை, விழுந்தால் எழுந்திருக்கிறார்.

உடைந்த ரப்பர் பந்தின் பாதியில் களிமண்ணை நிரப்பி, மேலே காகிதக் கூம்பு ஒட்டுங்கள். கூம்பின் நுனியில் சிறு களிமண் உருண்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஆட்டம் வரவர மெதுவாவதைப் பார்ப்பீர்கள். எத்தனையாவது உருண்டையில் பொம்மை எழ மறுக்கிறது என்று குறித்துக்கொண்டு, களிமண் நன்றாகக் காய்ந்தபின் மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.