கைவிடப்பட்ட பெட்டியும் அதன் சொந்தக்காரரும்

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஸ்தாபனம் தயாரித்த ‘மை புக் லைவ்’ என்னும் சேமிப்புப் பெட்டியை உலகத்தின் பல பாகங்களில் வீட்டில் வைத்திருந்தவர்கள், பல வருஷத்துப் புகைப்படங்களும் கணக்குகளும் கடிதங்களும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத வெறுமையைக் கண்டு திகைத்தார்கள். பெட்டிக்குப் பழுது ஏதும் நேரவில்லை. விளக்கு எரிந்தது, ஹார்டு டிஸ்க் சுழன்றது. ஆனால் முகம் தெரியாத யாரோ இணையத்தின் வழியாக அதனுள் நுழைந்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பும்படி அதற்குக் கட்டளை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கட்டளையை ஏற்குமுன் பாஸ்வேர்டைக் கேட்க வேண்டிய வரிகள் நிரலில் இருக்கவே செய்தன. 2011 ஏப்ரலில் நிரலைத் திருத்தி அமைத்தபோது அவை செயலற்ற குறிப்புகளாக மாற்றப்பட்டு, அப்படியே விடப்பட்டிருந்தன.

2010இல் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டிக்கு, அதை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரின் கடைசிப் பதிப்பு 2015இல் வெளியாயிற்று. அதன் பிறகு, தூரத்திலிருந்தே பெட்டியை ஆட்டிவைக்கக்கூடிய வேறொரு ஓட்டை பகிரங்கமானபோதும், ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது என்ற காரணத்தால் அது அடைக்கப்படாமலே கிடந்தது. நஷ்டம் நேர்ந்த பின்பு ஸ்தாபனம் தரவு மீட்புக்கு உதவி செய்ய முன்வந்ததும், பழைய பெட்டியைக் கொடுத்துப் புதியதைச் சலுகையில் பெற வழி செய்ததும் உண்மையே. ஆயினும் அந்த ஆறு வருஷ காலத்தில் பெட்டியின் சொந்தக்காரர் என்ன செய்திருக்கலாம், செய்ய அவருக்குப் பாத்தியதை இருந்ததா என்ற கேள்வியை அந்தப் பரிகாரம் தொடவே இல்லை.

நாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வகைப் பெட்டிகளின் கதி எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதுவே. டி-லிங்க்கின் டிஎன்எஸ்-320 முதலான மாதிரிகளில், மாற்ற முடியாதபடி உள்ளேயே பதிக்கப்பட்ட ஒரு பயனர் கணக்கு இருப்பது 2024 ஏப்ரலில் வெளிவந்தபோது, அவை காலாவதியானவை, அவற்றை விலக்கி வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே உற்பத்தியாளரின் பதிலாக இருந்தது. ஸைக்ஸெல் ஸ்தாபனமோ, 2023 டிசம்பரில் ஆதரவு முடிந்துபோன தன் இரண்டு மாதிரிகளுக்கு 2024 ஜூனில் அபாயகரமான ஓட்டைகளை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அபாயம் பெட்டியோடு நிற்பதும் இல்லை. பழைய நாஸ் பல, கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவியது விண்டோஸில் அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியாகத்தான். அதே ஆண்டில் விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திக்கொண்டபின், பழைய பெட்டியோடு பேச வேண்டும் என்பதற்காக அதை மறுபடி இயக்கிக்கொள்பவர் தம் கணினியையும் தேவையற்ற அபாயத்துக்கு உட்படுத்துகிறார்.

பழைய பூட்டின் சாவி ஊரெல்லாம் பரவிவிட்டது, பூட்டைச் செய்தவரோ திருத்தித் தர மறுக்கிறார் என்றால், வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாமா என்பதே நம் விஷயம். மாற்றலாம், அதாவது பெட்டியின் பழைய நிரலை நீக்கி லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம் என்பதே என் துணிபு. எப்படி மாற்றுவது என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு: இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது ஏற்கெனவே லினக்ஸ்தான். மை புக் லைவின் உள்ளே இருந்தது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் ஒரு பழைய பதிப்பு. ஆகவே லினக்ஸ் நிறுவுகிறேன் என்று புறப்படுபவர் பெட்டிக்கு அந்நியமான எதையும் புகுத்தவில்லை. உற்பத்தியாளர் பழையதாகவே உறைய விட்ட ஒன்றை, பராமரிப்பில் உள்ள அதன் புதிய வடிவத்தால் மாற்றுகிறார்.

உரிமையின் வேர் அந்த லினக்ஸிலேயே இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும், பிஸிபாக்ஸ் என்னும் கருவித் தொகுப்பும், பல பெட்டிகளைத் துவக்கி வைக்கும் யூ-பூட் என்ற பூட்லோடரும் ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின்கீழ் வருபவை. அவற்றைத் தம் சரக்கில் வைத்து விற்பவர், மூல நிரலையும், அதைத் தொகுத்து நிறுவ உதவும் கட்டளைக் கோப்புகளையும் கேட்பவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். கூடவே கொடுக்காவிட்டால், குறைந்தது மூன்று வருஷம் செல்லுபடியாகும் எழுத்து மூலமான வாக்குறுதியாவது தர வேண்டும். இது வெறும் நல்லெண்ணக் கோரிக்கை என்று நினைத்தவர்களுக்கு 2006 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நியாயஸ்தலம் பதில் சொல்லிற்று. கெர்னலின் ஆசிரியர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே தொடுத்த அந்த வழக்கின் பொருளே டி-லிங்க்கின் டிஎஸ்எம்-ஜி600 என்ற ஒரு நாஸ் பெட்டிதான். இந்த உரிமம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்ற பிரதிவாதியின் வாதத்தை நியாயஸ்தலம் தள்ளி, உரிமம் செல்லும் என்று தீர்த்து, வழக்காடியவரின் செலவை ஈடுசெய்யும்படி உத்தரவிட்டது. இன்று பழைய பெட்டிகளுக்குப் புதிய பூட்லோடர் எழுத முடிவதற்கு, இவ்வாறு கேட்டும் வழக்காடியும் வெளிக்கொணரப்பட்ட மூல நிரல்கள் பெரும் காரணம்.

இந்தியச் சட்டத்தின் நிலையும் சொந்தக்காரருக்குப் பாதகமானது அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற பிரதியிலிருந்து, வியாபார நோக்கமின்றிச் சொந்த உபயோகத்துக்காகக் கணினி நிரலின் நகலையோ தழுவலையோ செய்துகொள்வதை அனுமதிக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு பாதுகாப்புத் தடைகளைக் கடப்பதைக் குற்றமாக்கி இரண்டு வருஷம் வரை சிறை விதித்தாலும், பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு செய்வதையே அது குறிவைக்கிறது. எல்லை எங்கே என்றால், பெட்டி உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில். அலுவலகத்தின் பெட்டியையோ, வாடகைக்கு வந்ததையோ, அதன் பொறுப்பாளரின் அனுமதியின்றித் திறந்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பழைய பெட்டிகளை மலிவாக வாங்கி லினக்ஸ் ஏற்றி விற்கும் கடைக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விற்ற கணமே அவர்களும் ஜிபிஎல் சரக்கின் விநியோகஸ்தர் ஆகிவிடுகிறார்கள்; உற்பத்தியாளரைக் கேட்ட அதே மூல நிரலை அவர்களையும் கேட்கலாம்.

இனி அபாயத்துக்கு வருவோம். மின்சாரம் வந்ததும் செயலியின் உள்ளேயே பொறிக்கப்பட்ட சிறு நிரல் விழித்து, ஃப்ளாஷ் நினைவகத்தின் ஆரம்பத்தில் இருக்கும் பூட்லோடரைத் தேடி ஓடவிடுகிறது; பூட்லோடர் கெர்னலை ஏற்றுகிறது; கெர்னல் மற்ற யாவற்றையும் நடத்துகிறது. சீகேட்டின் கோஃப்ளெக்ஸ் ஹோம், ஸைக்ஸெல்லின் என்எஸ்ஏ325, மேற்சொன்ன டிஎன்எஸ்-320 ஆகியவை யாவும் மார்வெல் ஸ்தாபனத்தின் கிர்க்வுட் செயலியைக் கொண்டவை. 128 மெகாபைட் நினைவகத்தோடு வந்த கோஃப்ளெக்ஸ் ஹோம் போன்ற எளிய பெட்டியும் வீட்டுக்குக் கோப்பு வழங்கப் போதுமானதே. ஆனால் அக்காலத்து யூ-பூட், ஃப்ளாஷில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் கெர்னலை மட்டுமே எதிர்பார்ப்பது. யுஎஸ்பியிலிருந்தோ சாட்டா டிஸ்கிலிருந்தோ இக்காலத்துக் கெர்னலை ஏற்ற அதற்குப் பெரும்பாலும் தெரியாது. பூட்லோடரையே மாற்ற வேண்டிய நிர்ப்பந்தம் இதிலிருந்து பிறக்கிறது. அதை எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ, வேறு மாதிரிக்கான கோப்பை எழுதிவிட்டாலோ, பெட்டி மறுபடி விழிக்காமற் போவதும் இதனாலேதான்.

பூட்லோடரை மாற்றாமலே காரியம் ஆகுமானால் மாற்றாதிருப்பதே விவேகம். 2004இல் வந்த லிங்க்ஸிஸ் என்எஸ்எல்யூ2 என்ற 32 மெகாபைட் நினைவகப் பெட்டியில் டெபியனை நிறுவியவர்கள், அதன் ரெட்பூட் என்ற மூல பூட்லோடரைத் தொடாமல் விட்டு, அதன் பின்னே ஏபெக்ஸ் என்ற இரண்டாம் பூட்லோடரை வைத்தார்கள். என்ன தவறு நேர்ந்தாலும், பின்புறப் பொத்தானை அழுத்தி மீட்பு நிலைக்குப் போய் வலையமைப்பின் வழியே பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்ற முடிந்தது. க்யூநாப் டிஎஸ்-219இலும் டெபியனின் நிறுவல் நிரல், கெர்னல் முதலியவை இருந்த பகுதிகளை மட்டும் மாற்றி, பூட்லோடரை விட்டுவைத்தது. திரும்பி வரும் பாதையை அழிக்காமல் முன்னேறிய அந்தப் பொறியாளர்களின் நிதானம், இன்று ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிடத் துடிப்பவர்களுக்கு இல்லாதது வருந்தத்தக்கது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் எல்லா ஹார்டு டிஸ்குகளையும் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். சோதனையெல்லாம் ஒரு யுஎஸ்பி பென் டிரைவில் நடக்கட்டும். அடுத்து, சீரியல் கேபிள் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். மின்னணுச் சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சீரியல் மாற்றியே போதும், ஆனால் 3.3 வோல்ட் அளவில் இயங்குவதாக அது இருக்க வேண்டும், அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, தரைக் கம்பி ஆகிய மூன்றை மட்டும் இணைத்து மின் கம்பியை விட்டுவிட வேண்டும். கணினித் திரையில் 115200 வேகத்தில் பூட்லோடரின் பேச்சு ஓடுவதைக் கண்ணால் கண்ட பிறகே மேலே போக வேண்டும். அதன்பின் ஃப்ளாஷின் பழைய பூட்லோடர் பகுதியை முழுதும் நகலெடுத்து வேறொரு கணினியில் பத்திரப்படுத்துவதும், எழுதப்போகும் ஆரம்பப் பகுதியில் பழுதான கட்டம் ஏதும் உண்டா என்று பார்ப்பதும் அவசியம். இருந்தால் முயற்சியை அங்கேயே கைவிடுவது உத்தமம். வலையமைப்பு முகவரியான மேக் எண்ணைப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையேல் புதிய பூட்லோடரோடு வந்த பொது எண்ணே எல்லாப் பெட்டிகளிலும் நிலைத்து, ஒரே வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். பூட்லோடரின் அமைப்பு மதிப்புகள் ஃப்ளாஷில் எங்கே இருக்கின்றன என்பதைத் தவறாகக் குறித்துவிட்டு ஒரு மதிப்பை மாற்றினால், அந்த எழுத்து பூட்லோடரின் மேலேயே விழுந்து அதை அழித்துவிடவும் கூடும்.

அப்படியும் பெட்டி விழிக்காமற் போனால், கிர்க்வுட் செயலியில் ஒரு பரிகாரம் உண்டு: கேடபிள்யூபூட் என்ற சிறு நிரலைக் கணினியில் ஓடவிட்டு, சீரியல் கேபிள் வழியே, ஃப்ளாஷைத் தொடாமல், யூ-பூட்டை நேரே நினைவகத்தில் இறக்கி ஓட்டலாம், அங்கிருந்து நல்ல பிரதியை ஃப்ளாஷில் மறுபடி எழுதலாம். செயலியின் சில ஆரம்பப் பதிப்புகளில் இந்த வசதி சரியாக வேலை செய்வதில்லை என்பதால், முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது நலம். கையெழுத்துச் சரிபார்த்தே பூட்லோடரை ஏற்கும்படி பூட்டப்பட்ட பிற்காலத்துப் பெட்டிகளில் இந்த மாற்றங்களுக்கு இடமே இல்லை. உரிமம் கையில் இருந்தும் உரிமையைச் செலுத்த முடியாத நிலை அது.

பெட்டி போனாலும் தரவு போகவேண்டியதில்லை. பெரும்பாலான நாஸ்கள் லினக்ஸின் சாதாரண ரெய்டு முறையையும் ஈஎக்ஸ்டி கோப்பு முறையையுமே உபயோகிப்பதால், டிஸ்கைக் கழற்றி எந்த லினக்ஸ் கணினியிலும் படிக்கலாம். மை புக் லைவோ 64 கிலோபைட் கட்ட அளவை உபயோகித்ததால், சாதாரணக் கணினியின் கெர்னல் பெரும்பாலும் அதை ஏற்காது; ஃப்யூஸ்-ஈஎக்ஸ்டி2 போன்ற தனிக் கருவி வேண்டும். அழிந்துவிட்டது என்று தோன்றினால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க் முழுவதையும் வேறொன்றில் பிரதி எடுத்து, பிரதியிலேயே மீட்பைச் செய்ய வேண்டும்.

லினக்ஸ் நிறுவியதும் பொறுப்பு முழுதும் சொந்தக்காரருடையதாகிவிடுகிறது. திருத்தங்களை அவரே ஏற்ற வேண்டும். சில பெட்டிகளில் விசிறியை இயக்கியது உற்பத்தியாளரின் தனி நிரல் என்பதால், புதிய லினக்ஸில் அது சுற்றாமலே டிஸ்க் சூடேறிப் போகலாம். லினக்ஸ் நிறுவ மனமில்லாதவரோ, ரௌட்டரில் பெட்டிக்காகத் திறந்த போர்ட்களையும், தானே போர்ட் திறக்கும் யூபிஎன்பி வசதியையும் இன்றே மூடிவிட வேண்டும். நாஸில் ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பேக்கப் என்று அழைக்கும் வழக்கத்தை இரு சாராருமே விட்டொழிக்கலாம்.

வாங்கியபோது சொன்ன வாக்குறுதி காக்கப்படாமல் நஷ்டம் நேர்ந்தவர்கள், ரசீதையும் விளம்பரத்தின் நகலையும் வைத்துக்கொண்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை வருஷம் திருத்தம் தருவோம் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும் என்று பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பொதுவாக ஐந்து வருஷமாவது தர வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலுக்கு வருகிறது. நம் நாட்டில் அந்தக் கேள்வியைக் கடையில் நாமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி.

கிர்க்வுட் பெட்டிகளின் லினக்ஸ் வாழ்வுக்கும் ஓர் அந்தம் நெருங்குகிறது. அவற்றுக்கான ஆர்மெல் வகையை டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்போடு நிறுத்திக்கொள்கிறது. அதிலும் புதிதாக நிறுவும் வசதி கிடையாது, முன்பே நிறுவியவர்கள், தம் பெட்டிக்கான கெர்னலை வேறிடத்திலிருந்து பெற்றால், மேம்படுத்திக்கொள்ளலாம் என்ற அளவே. மை புக் லைவின் செயலி வேறு இனம். அதற்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற மற்றொரு லினக்ஸ் வகை கைகொடுக்கிறது. திருத்தம் வருவது நின்ற பின் பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்து, டிஸ்கை வேறு கணினிக்கு மாற்றி, தரவைத் துடைத்தழித்து, மிச்சத்தை 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம்.